கண்மாய்க்குள் என்ஜின் வைத்த வருஷம்

எங்கள் ஊர்க் கண்மாயைத் தோண்டுவதற்கு முதல் தேங்காய் உடைத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைப் பற்றி நான் வாய் திறப்பதற்கு ஒரு நியாயம் வேண்டுமல்லவா?

கண்மாய்க் கரையில் இருக்கிற அய்யனாருக்குச் செவ்வாயும் வெள்ளியும் விளக்குப் போடுகிறவன் நான். யாரும் சொல்லிச் செய்வதில்லை. கரைக்குக் கீழே எனக்கு ஒரு ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. வயலுக்குக் கண்மாய் தண்ணீர் கொடுக்கிறது, கண்மாய்க்கு மேகம் கொடுக்கிறது, மேகத்தை அனுப்புகிறவர் அவர். அவருக்கு ஒரு விளக்குப் போட எனக்கு வலிக்கவா செய்யும்?

ஊரில் இப்போது விவசாயம் பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மற்ற எல்லாரும் காலையில் கம்பெனி வேனில் ஏறி நாரணாபுரத்துக்கோ திருத்தங்கலுக்கோ போய்விடுவார்கள். என் மனைவி பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், அங்கேதான் லோடு ஏற்றுகிறார். ஆனால் அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மடை திறக்கிற குடும்பம். நீர்பாய்ச்சி என்று சொல்வோம். மடையை எந்த நாள் திறப்பது, எந்த வயலுக்கு முதலில் விடுவது என்று நீர்பாய்ச்சி சொன்னால் சொன்னதுதான். மச்சான் இப்போது லீவு நாளில் மட்டும் நீர்பாய்ச்சி.

அந்தக் கண்மாயை எந்த ராஜா வெட்டினான் என்று எங்களுக்குத் தெரியாது. மடையில் நிற்கிற இரண்டு கல்தூண்களில் மீன் செதுக்கியிருக்கிறது. தூண்களுக்கு அடியில், தண்ணீர் வெளியே போகிற வாயில், ஒரு நீளக் கல் படுத்துக் கிடக்கிறது. அதுதான் மடைக்கல். வெள்ளைக்காரன் காலத்தில் அதற்கு மேலே செங்கல் கட்டினார்கள். பிறகு நம்முடைய அரசாங்கம் வந்து இரும்புப் பலகையும் திருகும் வைத்தது. யார் வந்து எதை மாற்றினாலும் மடைக்கல்லை அசைக்கவில்லை. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கி, கண்மாய்க்குள் படிந்த கரம்பை மண்ணை வண்டி வண்டியாக அள்ளி வயலில் போடுவோம். அதற்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. மடைக்கல்லில் கயிறு கட்டி நீள இழுத்துப் பிடிப்பார்கள். அந்தக் கயிற்றின் மட்டத்துக்குக் கீழே மண்வெட்டி இறங்கக் கூடாது. குடத்தின் இடுப்பில் ஓட்டை இருந்தால், ஓட்டைக்குக் கீழே கிடக்கிற தண்ணீர் ஒழுகாது. அவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. போனவர்களுக்குத்தான் புரியவில்லை.

வண்டிமாடுகள் போய், கரம்பை அள்ளுவதும் நின்று, கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசியில், கண்மாயை ஆழப்படுத்தப் போவதாக ஒரு காண்ட்ராக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நெற்றியில் என்னைவிடப் பட்டையாகத் திருநீறு. "சாமி காரியம் மாதிரி அண்ணாச்சி. ஒங்க கையால ஆரம்பிச்சு வைங்க" என்றார். ஊரில் யாரும் என் கையால் எதையும் ஆரம்பிக்கச் சொன்னதில்லை. உச்சி குளிர்ந்துபோய்த் தேங்காயை உடைத்துவிட்டேன்.

மண் தோண்டும் மிஷின் இறங்கியது. கண்மாய் முழுக்கவா தோண்டினார்கள்? கருவேலம் அப்படியே நின்றது. லாரி வந்து திரும்ப வசதியாக இருந்த நடு இடத்தில் மட்டும் இறங்கித் தோண்டினார்கள். அள்ளிய மண், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி புது ஷெட் போடுவதற்குப் பள்ளத்தை மேடாக்கப் போனது. கண்மாய்க்கு ஆழம் தேவையோ இல்லையோ, ஷெட்டுக்கு மண் தேவையாக இருந்தது.

மூன்றாம் நாள் மச்சான் வந்து குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்.

"காண்ட்ராக்டரே, கம்மாய் வெட்டுதீகளா, கெணறு வெட்டுதீகளா?"

"ஆழமா இருந்தாத்தானய்யா தண்ணி நெறைய நிக்கும்?" என்றார் காண்ட்ராக்டர்.

"நிக்கும், நிக்கும். நின்னுக்கிட்டேதான் இருக்கும். மடைக்கல்லுக்குக் கீழ போயிட்டீக. வெளிய எப்படி வரும்?"

"அதெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்யுதோம். நீங்க லோடு ஏத்துற வேலையப் பாருங்க."

"நீங்களும் லோடுதான் ஏத்துறீக. நான் வெடிய ஏத்துறேன். நீங்க ஒரு கம்மாயவே ஏத்துறீக."

லாரிக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நான்தான் சிரிக்காமல், "நல்லதுக்குத்தான் மச்சான் செய்வாக" என்று சமாதானம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே மாப்ள, தேங்காய ஒடச்சவன் நீ. தண்ணி வரலேன்னா ஒன் மண்டையத்தான் ஒடைக்கணும்."

ஐப்பசியில் எங்கள் வீட்டில் இரண்டு வேண்டுதல் நடக்கும். தீபாவளி ஆர்டர் முடியும்வரை வெயில் அடிக்க வேண்டும், காயப்போட்ட சரக்கு நனையக் கூடாது என்று என் மனைவி கும்பிடுவாள். விதைத்தாயிற்று, மழை வேண்டும் என்று நான் கும்பிடுவேன். அந்த வருஷம் அய்யனார் இரண்டு பேரையும் மதித்தார். தீபாவளி முடிந்த மறுவாரமே மழையைக் கொட்டினார். ரோட்டிலிருந்து பார்த்தால் கண்மாயில் தண்ணீர் பளபளவென்று தெரிந்தது. காண்ட்ராக்டர் நாலு பேரோடு வந்து பூத் தூவி, சூடம் காட்டி, போட்டோ எடுத்துக்கொண்டார். "பாத்தீகளா அண்ணாச்சி, கடல் மாதிரி!" என்றார். கடல்தான். கடல் தண்ணீரையும் வயலுக்குப் பாய்ச்ச முடியாது.

மார்கழியில் என் நெல் பொதியாக நின்றது. கதிர் வெளியே வரும் நேரம். மூன்று தண்ணீர் விட்டால் கரையேறிவிடும். வானத்தில் மேகம் இல்லை. மச்சான் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே குளித்து வந்தார். அய்யனாருக்கு விளக்கேற்றி மடைக்குப் போனோம். திருகைச் சுற்றினார். பலகை முழுக்க மேலே ஏறியது. தண்ணீர் வரவில்லை. மடை வாயிலிருந்து ஒரு நண்டு மட்டும் வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

மச்சான் கண்மாய்க்குள் இறங்கிக் கம்பு ஊன்றிப் பார்த்தார். மழைத்தண்ணீர் அம்புட்டும் நடுக்குழிக்குள் போய்க் கிடந்தது. மடைக்கல்லுக்கு ஓர் இடுப்பளவு கீழே கிடந்தது தண்ணீர். முன்பு அதே மழை கண்மாய் முழுக்கப் பரவி, மடைக்கல்லுக்கு மேலே முழங்கால் அளவு நின்றிருக்கும்.

காண்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். வந்தார். குழியைப் பார்த்தார், மடையைப் பார்த்தார், கடைசியில் கோயிலைப் பார்த்தார்.

"சாமி குத்தம் அண்ணாச்சி. பூசை ஏதோ கொறஞ்சிருக்கு. அய்யனாருக்கு ஒரு கெடா வெட்டிருவோம், எல்லாம் சரியாயிரும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வயல் காய்ந்தால்கூட அப்படி எரிந்திருக்காது.

"அய்யனாருக்கு யாரு கெடா வெட்டுவா? அவரு சைவம். அதுகூடத் தெரியாமயா இம்புட்டுத் திருநீறு பூசியிருக்கீக? மழை கேட்டோம், கொடுத்தாரு. அவரு வேலைய முழுசாச் செஞ்சிட்டாரு. குழி தோண்டச் சொன்னது அவரில்ல."

"தேங்கா நீங்கதான ஒடச்சீக?" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வேலையிலிருந்து வந்து, கையில் ஒட்டிய வெள்ளி மருந்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அந்தாளத் திட்டுனா நெல்லு வெளஞ்சிருமா? கெணறு வச்சு வெள்ளாம பாக்கிறவர்கிட்ட ஆயில் என்ஜினக் கேட்டு வாங்குங்க. குழியில போட்டு, மடை வாயில ஊத்துங்க."

"கம்மாய்க்குள்ளயா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவுகளா வந்து கதிரறுக்கப் போறாக?"

மறுநாள் நானும் மச்சானும் என்ஜினைத் தள்ளிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினோம். குழியில் ஒரு குழாய். மறு குழாயை இழுத்துக்கொண்டுபோய் மடைக்கல்லின்மேல் வைத்துக் கட்டினோம். என்ஜின் புகையைக் கக்கிக்கொண்டு, கண்மாய்த் தண்ணீரை எடுத்துக் கண்மாயின் மடையிலேயே ஊற்றியது. இந்தக் கூத்தை எந்த ராஜாவும் பார்த்திருக்க மாட்டான். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி வேன் கரை வழியாக வந்தது. ஜன்னலுக்கு ஒரு தலை.

"என்ன சித்தப்பா, கம்மாய்க்கே தண்ணி பாய்ச்சுதீகளா?"

"அடுத்து கடலுக்குப் போயிருவாக போல!"

வேனுக்குள் இருந்த என் மனைவியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "சிரிங்கடி, நல்லாச் சிரிங்க. அறுப்பு முடிஞ்சு புது அரிசி கேட்டு வருவீகள்ல, அப்ப இருக்கு."

சேதி பரவி, சாயங்காலம் காண்ட்ராக்டரும் வந்துவிட்டார். செய்த தப்பைச் சரிசெய்ய வந்தார் என்றா நினைக்கிறீர்கள்? மடையில் தண்ணீர் ஓடுகிறதே, அதைப் போட்டோ எடுக்க வந்தார்! என்ஜின் தெரியாமல் மடை மட்டும் விழுகிற மாதிரி நகர்ந்து நகர்ந்து நின்றார். மச்சான் குழாயைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"பாத்து நில்லுங்க, காண்ட்ராக்டரே. பின்னால குழி. ஆழம் ஜாஸ்தி. நீங்களே கணக்குப் போட்டு வெட்டுனது."

இரண்டு தண்ணீர் விட்டோம். மூன்றாவது தண்ணீருக்கு என்ஜின் சேற்றை உறிஞ்சி நின்றுவிட்டது. மடைக்குப் பக்கத்தில் இருந்த பாதி வயல் விளைந்தது. தூரத்துப் பாதி, கதிர் நிமிர்ந்தபடியே நின்றது. மணி பிடித்த கதிர் தலை குனியும், மணி பிடிக்காத கருக்காய்தான் நிமிர்ந்து நிற்கும். காண்ட்ராக்டர் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற நடையை நினைத்துக்கொண்டேன்.

தைக் கடைசியில், அறுப்பு முடிந்ததும், அய்யனாருக்குப் பொங்கல் வைத்தேன். இலையில் பொங்கல். பக்கத்தில், நெல் புடைக்கிற சொளகு நிறையக் கருக்காய். "இலையில இருக்கிறது ஒங்க மழைக்கு வெளஞ்சது, சாமி. சொளகுல இருக்கிறது நான் ஒடச்ச தேங்காய்க்கு வெளஞ்சது. மன்னிச்சிக்கிருங்க" என்று சொல்லி விழுந்து கும்பிட்டேன். மச்சான் மண்டையை உடைக்கவில்லை. அவர் பங்குக்கு அவரும் விழுந்தார்.

இந்தக் கோடையில் கண்மாயின் மேல் பக்கத்தை ஆழப்படுத்தப் போகிறார்களாம். அதே காண்ட்ராக்டர். தேங்காயும் பழமும் கொடுத்தனுப்பி, வந்து உடைத்துத் தரச் சொல்லியிருந்தார். கொண்டுவந்த ஆளிடம் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினேன். "வாரேன். மொதல்ல என் மச்சான் மடைக்கல்லுல கயிறு கட்டுவாரு. கயித்துக்குக் கீழ மிஷின் எறங்காதுன்னு ஊர் முன்னால காண்ட்ராக்டர் சொல்லணும். அதுக்கப்புறம் தேங்காய்."

பதில் வரவில்லை. மிஷினும் இதுவரை வரவில்லை. அந்தத் தேங்காயை அய்யனாருக்கு உடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு என் மனைவி சட்னி அரைத்துவிட்டாள்.