பேப்பரில் இல்லாத வார்த்தை

ஸ்டுடியோவில் நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு வயது நாற்பத்து நான்கு. அவள் குரல் மட்டும் இருபத்திரண்டைத் தாண்டியதே இல்லை. வேற்றுமொழிக் காதல் படம் எது எங்கள் டப்பிங் ஸ்டுடியோவுக்கு வந்தாலும் கதாநாயகிக்குப் பேசுவது அவள்தான். வெட்கம், சிணுங்கல், கோபித்துக்கொண்டு ஓடுவது எல்லாம், மூக்குக் கண்ணாடியும் வெறுங்காலுமாக, மைக் முன்னால் நின்ற இடத்திலேயே நடக்கும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பதிவு செய்கிறவன் நான்.

கதாநாயகனுக்குப் பேசுகிறவர் அவளுடைய முன்னாள் புருஷன். விவாகரத்தாகி ஒன்பது வருஷம். எங்கள் வேலையில் ஜோடிகள் சேர்ந்து நிற்க வேண்டியதில்லை. ஒருவர் பேசிப் பதிவானதை மற்றவர் ஹெட்போனில் கேட்டுப் பதில் பேசினால் போதும். அவருக்குக் காலை, இவளுக்கு மதியம் என்று நேரம் போட்டு, இருவரும் வாசலில்கூட முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அக்கா தன் அம்மாவுக்கு மாத்திரை வாங்கும் கடைக்காரர் மனைவியை இழந்தவர். நல்ல மனுஷன். எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று அட்டை அட்டையாக எழுதிக் கொடுப்பார். இரண்டு வருஷம் மென்று முழுங்கிவிட்டு, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக அவள் சொல்லியிருந்தாள்.

"சரின்னுதான் சொல்லப் போறேன் தம்பி," என்றாள் என்னிடம். "ஹெட்போன்ல கேட்டது போதும். இனிமேலாவது ஒருத்தர் என்கிட்டயே பேசட்டும்."

அந்த வாரம் பார்த்தா அந்தப் படம் வந்து தொலைய வேண்டும்? லிஃப்டில் சண்டை போட்டுப் பிரிந்த ஜோடி, ஏழு வருஷம் கழித்து, வேறு ஊரில், வேறு லிஃப்டில் மாட்டிக்கொண்டு சேர்ந்துவிடுகிறது. சிரிப்புப் படமாம். நிஜத்தில் லிஃப்ட் நின்றால் மெக்கானிக்தான் வருவான்.

வெள்ளிக்கிழமை காலை முன்னாள் புருஷன் வந்து கடைசிக் காட்சியைப் பேசினார். வசனம் முடிந்த பிறகும் திரையில் கதாநாயகனின் உதடு இரண்டு முறை மூடித் திறந்தது. சத்தமில்லாமல் விட்டால் அசிங்கமாகத் தெரியும். "ஏதாவது போடுங்க சார், வாய் ஆடுது," என்றேன். அவர் யோசிக்கவேயில்லை. "பொம்மு" என்றார். உதட்டில் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. ஓகே போட்டுவிட்டேன்.

மதியம் அக்கா அதைக் கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. நான்காவது தடவை ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, இந்த வார்த்தை பேப்பர்ல இருக்கா?"

இல்லை என்றேன். அது உண்மைதான். "நானும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்ற அடுத்த வசனத்தை அவள் ஒரே டேக்கில் பேசினாள். அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், கல்யாணமான புதிதில் அவர் தன்னை அப்படித்தான் கூப்பிடுவார் என்று.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? ஒருவேளை அவர் நிஜமாகவே கூப்பிட்டிருந்தால், நாம் ஏன் குறுக்கே விழ வேண்டும் என்று நினைத்தேன். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை அணைக்க மனசு வரவில்லை. கோழைக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மருந்துக்கடைக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை, அவளுக்கு வேலையே இல்லாத நேரத்தில், ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றாள். நல்ல புடவை. பதிவை முடித்துவிட்டு முன்னாள் புருஷன் தண்ணீர் பாட்டிலோடு வெளியே வந்தார், பின்னாலேயே நானும். அந்த வார்த்தையைப் பற்றி அவள் கேட்டாள். எந்த வார்த்தை என்று அவர் திருப்பிக் கேட்டார். அவளே சொல்ல வேண்டியிருந்தது.

"ஓ, அதுவா? லிப் ரெண்டு தடவை மூடுச்சு. தம்பி ஏதாவது போடச் சொன்னாரு, வாய்க்கு வந்ததைப் போட்டேன்." பாட்டிலைத் திருகி மூடியவர் சட்டென்று நிமிர்ந்தார். "அடடா, உன்னைக் கூப்பிட்ட பேரு இல்ல அது?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி."

படம் ஓடியது. அந்த இடத்தில் தியேட்டரில் விசில் பறந்ததாம். அம்மாவின் மாத்திரைக்கு அக்கா இரண்டு தெரு தள்ளிப் போகிறாள். புதுக் கடையில் அட்டையில் எழுதித் தரும் வழக்கம் இல்லை, அவளே எழுதிக்கொள்கிறாள்.

வேலைக்கு இன்றும் மதியம்தான் வருகிறாள். அவருடைய பதிவு மட்டும் ஹெட்போனில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். கதாநாயகன் வசனத்தை நான் படிக்க வேண்டும், அவள் என்னிடம் பதில் பேசுவாள். காதலிக்கிறேன், மன்னித்துவிடு, திரும்பி வா என்று தினமும் நான் படிக்கிறேன். பேப்பரில் இருப்பதை மட்டும்.