அக்காவின் பென்ஷனைக் காப்பாற்றினோம்

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வந்தது. அம்மாவும் போனதும், கல்யாணமாகாத மகளுக்கு அது கிடைக்கும் என்ற விதியைத் தேடிப் படித்து, மனு எழுதி, ஏறக்குறைய ஒரு வருஷம் அலைந்து வாங்கிக் கொடுத்தேன். பத்திரிகையில் வேலை பார்க்கிறவனுக்கு விதிகளைப் படிப்பது பழக்கம்.

மனுவை விசாரிக்க வந்த அதிகாரி, "ஏம்மா கல்யாணம் ஆவல?" என்று அக்காவைக் கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டு, "அமையலீங்க" என்றார். அமைந்தது. அவளுக்கு இருபத்தொன்பது வயதில் வந்தவாசியில் ஒரு இடம் அமைந்தது. நகைக்கு வைத்திருந்த பணத்தை அண்ணனின் புடவை வியாபாரத்தில் போட்டோம். அதிகாரி "அமையவில்லை" என்று எழுதிக்கொண்டு போனார்.

பென்ஷன் வரும் ஏடிஎம் கார்டு அண்ணனின் சட்டைப் பையில் இருந்தது. அவர் மகளின் காலேஜ் பீஸ் அதிலிருந்து போனது. என் வண்டிக் கடனில் நாலு தவணையும் அதிலிருந்துதான் போனது. கூடவே ஒரு மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வந்திருந்தது. அக்காவுக்கு இதய வால்வில் கோளாறு. வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தபோது மூன்று லட்சத்துக்குப் பக்கமாகப் பில் வந்தது. எங்கள் கையிலிருந்து போனது பதினெட்டாயிரம்.

போன வருஷம், நாற்பத்திரண்டு வயதில், அக்கா ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றாள். முள்ளிப்பட்டில் வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவர். மனைவி இறந்து ஐந்து வருஷம். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். அக்கா வீட்டிலிருந்தபடியே பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டித் தருவாள். அவர் புடவை கொண்டுவந்து கொடுத்துப் பழக்கம்.

"பென்ஷன் வாசம் புடிச்சிகினு வரான்" என்றார் அண்ணி, அண்ணனிடம். "இந்த வயசுல இன்னா கல்யாண ஆசை? பாருங்க, உங்க தம்பியே பேப்பர்ல போட்டுடுவாரு."

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் மட்டும், "நீ எடுத்துச் சொன்னா அண்ணன் கேப்பாருடா" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை வரச் சொன்னோம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை ஆப்பிள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"தறி எத்தினி?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுங்க."

"சொந்தமா?"

"தறி சொந்தங்க. பட்டு முதலாளி குடுக்கறது."

"கல்யாணம் ஆனா இவளுக்கு வர பென்ஷன் நின்னுடும். அது தெரியுமா?"

"தெரியுங்க. அவங்களே மொதல்ல அதைத்தான் சொன்னாங்க. நின்னா நிக்கட்டுங்க. ரெண்டு பேரு சோத்துக்கு ஒரு தறி போதும்."

நாங்கள் யோசித்து வைத்திருந்தது அந்த ஒரு கேள்விதான். அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்து, "ரூல்ஸெல்லாம் உனக்குத்தானே தெரியும், நீ சொல்லுடா" என்றார்.

சொன்னேன். பென்ஷனோடு காப்பீட்டு அட்டையும் போய்விடும். வால்வை எத்தனை வருஷத்துக்குப் பிறகு மாற்ற வேண்டிவரும் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. போன தடவை பில் இவ்வளவு. இனிமேல் கூடத்தான் ஆகும். ஒரு செய்திக்குக் குறிப்புக் கொடுப்பதுபோல் வரிசையாகச் சொன்னேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "எங்கிட்டயும் கவர்மெண்ட் குடுத்த அட்டை ஒண்ணு கீதுங்க. வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்குக் குடுப்பாங்களே, அது. எங்க வூட்டுக்காரிக்கு அதுலதான் பாத்தோம்."

"பாத்தீங்க. பொழைச்சாங்களா?" என்றார் அண்ணன்.

அவர் என் பக்கம் திரும்பி, "வால்வு ஆபரேஷன் அதுல வராதுங்களா, சார்?" என்று கேட்டார்.

அந்த அட்டையைப் பற்றி நான் இரண்டு செய்திகள் எழுதியிருக்கிறேன். எந்தெந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்ற பட்டியல் என் மேஜையில் இருந்தது. இதய வால்வு அதில் உண்டு.

"வராது" என்றேன்.

"தறியை வித்தா..." என்று அவர் தொடங்கினார்.

"வித்துட்டு? எங்க அக்காவைப் பட்டினி போடுவியா?" என்று சொல்ல வந்து, நான் சொல்லவில்லை. அண்ணி அதையே வேறு மாதிரி சொன்னார்: "வித்துட்டு இன்னா, ரெண்டு பேரும் காத்தையா துன்னுவீங்க?"

அக்கா உள்வாசலில் காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். "எழுந்துக்குங்க" என்றாள் அவரிடம். "போதும். இனிமே இங்க உக்காராதீங்க." அவர் செருப்பு மாட்டும்வரை கூட நின்று, திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து குஞ்சம் கட்டத் தொடங்கினாள். ஆப்பிளை அண்ணி பிரிட்ஜில் வைத்தார்.

ஏழெட்டு மாதத்தில் அவருக்குப் பெரணமல்லூர் பக்கம் ஒரு பெண்ணோடு கல்யாணம் ஆனது. அக்கா காதில் விழும்படி அண்ணிதான் அதைச் சொன்னார்.

அதற்கடுத்த மாதம் இதயப் பரிசோதனைக்கு அக்காவை வேலூருக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னால் நின்ற பெண் கையில் ஒரு அட்டையை வைத்திருந்தாள்.

"உங்களுக்கு இன்னாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"எனக்கில்லக்கா, எங்க வூட்டுக்காரருக்கு. வால்வு மாத்திகீறாங்க. கூலி வேலதான். கவர்மெண்ட் குடுத்த இந்த அட்டைதான் காப்பாத்துச்சு, ஆபரேஷனுக்கு ஒரு ரூபா கேக்கல."

அக்கா அந்த அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வரிசை இரண்டடி நகர்ந்தது.

"உனக்கு அன்னிக்கே தெரியுமாடா?"

"தெரியும்" என்றேன்.

எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவர் அக்காவின் காப்பீட்டு அட்டையைக் கேட்டார். அது என்னிடம் இருந்தது. என் கையிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். பெயர், வயது கேட்டார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

"யாரும் வரலீங்க" என்றாள் அக்கா.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "சார், அப்ப நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.