அப்பாவின் போர்த்துகீசிய அதட்டல்

அப்பாவுக்கு யாரையும் அதட்ட வராது. ஷேர் ஆட்டோவில்கூட, "கொஞ்சம் நிறுத்துறீங்களா சார்" என்று கேட்டுத்தான் இறங்குவார். அப்படிப்பட்டவரை மொசாம்பிக்கில் ஒரு சிமெண்ட் ஆலைக்கு மேற்பார்வையாளராக எடுப்பதாகப் பேச்சு வந்தது. அங்கே தொழிலாளர்களை வேலை வாங்கப் போர்த்துகீசியம் வேண்டும். கிண்டியில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி எட்டு மாதமாகியிருந்தது.

செம்பாக்கத்து வாடகை வீட்டு ஹாலில் தினமும் பயிற்சி நடந்தது. தொழிலாளி நான்; எனக்கு ஆறு வயது. அவர் "எஸ்பேரா" என்றால் நான் அப்படியே காத்திருக்க வேண்டும். "வேங் கா" என்றால் வரலாம். கட்டளைகள் முடிந்ததும் அறிவுரைகள்: ஹெல்மெட் போட்டுக்கொள், கொஞ்சம் ஓய்வெடுப்பது நல்லது. அறிவுரை அவருக்கு அழகாக வந்தது. கட்டளைதான் கெஞ்சலாக முடிந்தது.

"இப்படிச் சொன்னா பூனைகூட கேக்காது. கொஞ்சம் கத்துங்க," என்றாள் அம்மா.

கத்தினார். கண்ணை உருட்டிக்கொண்டு புரியாத மொழியில் கத்துகிறவர் என் அப்பாதானா என்றே சந்தேகம். மீறினால் என்ன ஆகும் என்று கேட்கவும் பயம். அதனால் மறு உத்தரவு வரும்வரை அசையவே மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை மாலை ஃபோனில் தேர்வு. வீட்டில் சிக்னல் நிற்காது என்று என்னையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தார். ஃபோன் அடித்ததும் என்னிடம் "எஸ்பேரா" என்றுவிட்டு, பேசியபடியே தள்ளிப் போனார். அவர் குரல் குழைவதும், அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருப்பதும் தெரிந்தது.

நாய்கள் எந்தப் பக்கமிருந்து வந்தன என்று இன்றும் நினைவில்லை. நான்கு இருந்தன. ஒன்று என் கவுனை முகர்ந்தது. இன்னொன்று பல்லைக் காட்டி உறுமியது. நான் குதிகாலைத் தூக்கிவிட்டேன்.

"நவுங் கோர்ரஸ்!"

ஓடாதே என்று அர்த்தம். ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினார். "ஃபிக்கா அயீ!" அங்கேயே நில். நடைபயிற்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கால் வழியே சிறுநீர் இறங்கியது, அப்போதும் நின்றேன். அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நாய்கள் கலைந்தன.

ஏன் தமிழில் கத்தவில்லை என்று அம்மா கேட்டதற்கு, "வாய்ல அதுதான்டி இருந்துச்சு," என்றார்.

ஃபோனில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இவ்வளவு நேரமும் இந்தக் குரல் வருமா என்றுதான் பார்த்தேன் என்று சொல்லிச் சிரித்தாராம். வேலை உறுதி.

இன்று என் மகள் தெருவில் நாயைப் பார்த்து மிரளும்போது, ஓடு என்பதா நில் என்பதா என்று தெரியாமல் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். அன்று அப்பா சொன்னதைக் கேட்காமல் நான் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கடித்திருக்கலாம். அப்பா எங்களோடேயே இருந்திருக்கவும் கூடும்.

அன்று நாங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேசரி கிளறினாள். கிளறிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆவி பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

"எல்லாம் பாப்பாவாலதான்," என்றார் அப்பா.

பெருமையோடு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். மொசாம்பிக் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கிண்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் இருக்கும், சாயங்காலம் வீட்டுக்கு வர வழக்கத்தைவிடச் சற்று நேரமாகும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.