தனியாக ஓடி வாங்கிய முதல் பரிசு

செமினி ஊர்ப் பக்கம் நான் படித்த தமிழ்ப்பள்ளிக்கு இப்போது மூன்று மாடி. விளையாட்டுப் போட்டியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தத் திடல் போதாமல் வகுப்பு வகுப்பாக ஓடவிடுகிறார்கள். இந்த வருடம் என் மகள் இறுதிச் சுற்றுக்கே தேறவில்லை. என் காலத்தில் அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. முதலாம் ஆண்டில் நான் ஒருத்திதான்.

பள்ளி இருந்த தோட்டத்தை விற்றதும் அங்கே வேலை செய்த சனங்கள் டவுன் அடுக்குமாடி பிளாட்டுகளுக்குப் போய்விட, செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவே பலகைப் பள்ளிக்கூடம் மட்டும் நின்றது. வகுப்பில் முதல் பரிசு எனக்கு, கையெழுத்துக்கு எனக்கு, ஓட்டத்துக்கும் எனக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பார் அம்மா. சர்க்கரை என்றாரே, பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

வருடக் கடைசியில் செய்தி வந்தது. ஜனவரியில் புதுப் பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளியை மூடிவிட்டு, இருக்கிறவர்களை ஆளுக்கொரு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களாம். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பள்ளி வேன் ஓட்டிய என் மாமாவுக்கு அழ நேரமில்லை. என் பதக்கங்களை எல்லாம் என் கழுத்தில் மாட்டி, பிளாட்டுக்குக் கீழே கூடும் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குக் கூட்டிப்போனார். வடைக் கடை ஆன்ட்டியின் முன்னால் என்னை ஒரு நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தினார்.

"அக்கா, நம்ம ஸ்கூல் பிள்ளைய பாருங்க. எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட்டுலா!"

ஆன்ட்டிக்கு ஜனவரியில் முதலாம் ஆண்டு சேரவேண்டிய ஒரு மகன் இருந்தான். அவனை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"கிளாஸ்ல எத்தன பேரும்மா?"

"நான் மட்டும்தான் ஆன்ட்டி!" என்றேன், பெருமையாக.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா அசரவில்லை.

"அப்ப பாத்துக்குங்க அக்கா, ஒரு பிள்ளைக்கு ஒரு டீச்சர்! எந்தப் பெரிய ஸ்கூல்ல கெடைக்கும்? வேன் காசு வேணாம், வாசல்லயே வந்து ஏத்திக்கிறேன்."

ஆன்ட்டி வடையைத் திருப்பிப் போட்டபடி கொஞ்சம் யோசித்தார். பிறகு மகனைச் சேர்ப்பதாகச் சொன்னார். அதோடு நிற்கவில்லை, வடை வாங்க வந்த அம்மாக்களிடமெல்லாம் "ஒரு பிள்ளைக்கு ஒரு டீச்சராம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜனவரியில் மாமாவின் வேன் நிரம்பி வழிந்தது. பள்ளி பிழைத்துக்கொண்டது.

எனக்குத்தான் வினை வந்தது. அந்த வருட விளையாட்டுப் போட்டியில் முதலாம், இரண்டாம் ஆண்டுகளைச் சேர்த்து ஓடவிட்டார்கள். விசில் ஊதியதும் வடைக் கடைப் பையன் பறந்தான். அவன் பின்னால் மற்றவர்கள், எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள். நான் கடைசி.

அழுதுகொண்டு நின்றவளை மாமா ஓடிவந்து தோளில் தூக்கிக்கொண்டார்.

"கடைசியா வந்துட்டேன் மாமா!"

"ஆமாடி தங்கம், கடைசி! எத்தன பேரு ஒன்ன முந்திட்டாங்க பாத்தியா!"

சொல்லிவிட்டு அவரும் அழுதார், வாயெல்லாம் சிரிப்பாக. தலைமையாசிரியை என்னைப் பார்த்துக் கைதட்டினார். அம்மாவும் தட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமாவின் முடியைப் பிடித்து இழுத்தேன்.

வீடு திரும்பும்போது வேனில் எனக்கு ஜன்னலோர இடமும் போய்விட்டது. மாமா வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். நெருக்கித் தள்ளிய பிள்ளைகளுக்கு நடுவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் தோற்றதில் இந்தப் பெரியவர்களுக்கு என்ன அவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை.