எங்கள் வீட்டுக்கு வராத நாய்

கருப்பட்டி கசிந்து ஊறிய சாக்கில் மழையில் நனைந்த நாய் ஒன்று படுத்துக் கிடந்தால் ஒரு வாடை வரும். பாதி இனிப்பு, பாதி நாற்றம். எழுபது வருஷம் ஆகப் போகிறது, இன்றைக்கும் எங்காவது அந்த வாடை அடித்தால் நான் வழி மாறி நடக்கிறேன். பனச்சமூடு சந்தையில் கருப்பட்டி வியாபாரம் செய்த அப்பாவின் சிநேகிதர் ஒருவரின் கடை வாசலில்தான் அதை முதன்முதலாக முகர்ந்தேன். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்தது, ஒரு வயது தாண்டிய நாய். அதைப் பார்த்துப் பேசி முடிக்கத்தான் அப்பா போனார். நானும் கூடப் போனேன். கிட்டே நெருங்கியபோது அது எழுந்திருக்கவில்லை, குரைக்கவும் இல்லை, மேலுதட்டைத் தூக்கிப் பல்லை மட்டும் காட்டியது. நான் அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். கால்சட்டை நனைந்துவிட்டது. மழை பெய்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தலையில் கல் சுமந்து தொடங்கியவனுக்கு இன்றைக்குப் பதினோரு லாரி ஓடுகிறது, பாறசாலை முதல் களியக்காவிளை வரை என் கல் போகாத கட்டடம் குறைவு, காலேஜ் படித்தவர்கள் என் கையெழுத்துக்காக நாற்காலி நுனியில் காத்திருக்கிறார்கள். யானைக்கு முன்னால் நிற்கச் சொன்னாலும் நிற்பான் என்று ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

அது எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். மலையாளப் பக்கம் இருந்த தமிழ் பேசுகிற ஊர்களையெல்லாம் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் கூட்டமுமாக இருந்தது. எனக்கு வயது பத்து. என் அண்ணன் ஒரு ஊர்வலத்தில் கொடி பிடித்து முன்னால் நடந்தார். அன்றிலிருந்து போலீஸ் அவரைத் தேடியது. அவர் ஆளுயரத்துக்கு மரவள்ளி நிற்கிற மரச்சீனி விளைகளிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் மாறி மாறித் தங்கி, உச்சி நேரத்தில் மட்டும் கஞ்சி குடிக்க வீட்டுக்கு வந்து போவார். எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த விளைக்குள் ஆள் நுழைந்தால் முன்கூட்டியே தெரிய ஒரு நாய் வேண்டும் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. அதுவரை எங்கள் குடும்பத்தில் எவரும் நாய் வளர்த்ததில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சில் நாய்க்குப் "பட்டி" என்று பெயர்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பட்டி ஏறுன அடுக்களையில நான் கஞ்சி குடிக்க மாட்டேன்" என்றாள்.

"போலீசு ஏறலாம், பட்டி ஏறப்பிடாதோ அம்மா?" என்று அண்ணன் சிரித்தார்.

அண்ணனின் மனைவியை நான் "மைனி" என்று கூப்பிடுவேன். நெய்யாற்றின்கரைக்கு அந்தப் பக்கத்துக்காரி. எங்களைப் போலவே கிறிஸ்தவ சபைக்குப் போகிற குடும்பம்தான், ஆனால் அவர்கள் வீட்டில் பேச்சு மலையாளம். அந்தப் போராட்டம் வருவதற்கு முன்னால் அது ஒரு குறையாக எவருக்கும் தோன்றியதில்லை. வந்தபிறகு, அவள் அடுக்களையிலிருந்து வெளியே வரும்போது பேச்சு நிற்கத் தொடங்கியது. மைனி ஒளிவு மறைவு இல்லாதவள். கணுக்காலில் இருந்த பழைய கடித்தழும்பைக் காட்டி, "எனக்குப் பேடியாக்கும் மாமி" என்றாள். பேடி என்றால் எங்கள் பக்கம் பயம். "எண்ணாலும் அவியளுக்கு வேண்டியல்லா, நான் சகிச்சுக்கிடலாம்." அண்ணனுக்காக என்றால் அதையும் பொறுத்துக்கொள்வாள்.

எனக்கும் பேடிதான். ஆனால் நான் அதைச் சொல்லுவேனா? நாயின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்ததாக ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஒரு கமுகம்பாளையைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு, "பட்டி வேணும்! பட்டி வேணும்!" என்று முற்றத்தைச் சுற்றி ஊர்வலம் போனேன். "எலே, நீ என்னைவிடப் பெரிய தலைவனாயிடுவே போலிருக்கே" என்று அண்ணன் என் தலையில் தட்டினார்.

அப்பா எங்கள் சபையில் டீக்கன் என்கிற பொறுப்பில் இருந்தவர். சபையில் டீக்கன்மாரை ரகசிய ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள்; அதில் அப்பாவுக்கு அத்தனை பெருமை. பெரிய காரியம் எதுவானாலும் அந்த முறைப்படிதான் நடக்க வேண்டும் என்பார். அதனால் நாய்க்கும் ஓட்டு வைத்தார். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு சிவப்பு மஞ்சாடி விதை. நாய் வேண்டுமென்றால் புளியங்கொட்டை, வேண்டாமென்றால் மஞ்சாடி. ஒவ்வொருவராக உள்ளறைக்குப் போய்த் துணி மூடிய பானைக்குள் ஒன்றைப் போட வேண்டும், மிச்சத்தை யாருக்கும் காட்டாமல் கிணற்றில் எறிந்துவிட வேண்டும். "ஒருத்தருக்கு மனசில்லாட்டாலும் வேண்டாம். மனசில்லாத வீட்டில பட்டி நிக்காது" என்று அப்பா முன்னாலேயே சொல்லிவிட்டார்.

நான் கடைசியாகப் போனேன். பானைக்கு முன்னால் நின்றபோது அந்த நாயின் பல் கண்ணுக்குள் தெரிந்தது. அம்மா எப்படியும் மஞ்சாடிதான் போட்டிருப்பாள், அதோடு இதுவும் ஒன்றாகக் கிடக்கட்டும், நான் போட்டதால் எதுவும் மாறப் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மஞ்சாடியைப் போட்டேன்.

அப்பா பானையைக் கவிழ்த்தார். நாலு புளியங்கொட்டை, ஒரு மஞ்சாடி.

மஞ்சாடியைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு அம்மா, "நான் புளியங்கொட்டையாக்கும் போட்டேன். எனக்க பிள்ளைக்கு வேண்டி அந்த அசிங்கத்தையும் சகிக்கலாம்ணு வச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு மைனியைப் பார்த்தாள்.

"ஆருண்ணு கேக்கப்பிடாது. ரகசிய ஓட்டு" என்றார் அப்பா.

"கேக்க என்னத்துக்கு? தெரியுமே."

"நானில்ல மாமி" என்றாள் மைனி. "சத்தியமாட்டும் நானில்ல."

என்னை எவரும் கேட்கவில்லை. கேட்காமலேயே நான் சொன்னேன்: "மைனிக்குத்தானே பேடி."

இந்த இரண்டு சொல்லை எழுதி முடிக்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. மஞ்சாடி போட்டதைக்கூடப் பிள்ளைப் பயம் என்று தள்ளிவிடலாம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கிணற்றில் எறிய வேண்டிய புளியங்கொட்டையை நான் எறிய மறந்துவிட்டேன். அது கால்சட்டைப் பையிலேயே கிடந்தது. வீட்டில் துணி துவைப்பது மைனி. இரண்டு நாள் கழித்து, வெயிலில் காய்ந்து மடித்து வைத்திருந்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு பைக்குள் கையை விட்டேன்; புளியங்கொட்டை இருந்தது, கழுவித் துடைத்து, பையின் அடியில் பத்திரமாக. அவள் எடுத்துப் பார்த்திருக்கிறாள், விஷயம் தெரிந்திருக்கிறது, திரும்ப என்னிடமே வைத்திருக்கிறாள். அம்மாவிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். ஏன் காட்டவில்லை என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. நானே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறாள். நான் அதைக் கிணற்றில் எறிந்துவிட்டு, அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கஞ்சி வாங்கிக் குடித்தேன்.

ஒரு மாதம் தாண்டவில்லை. ஒரு நாள் உச்சி நேரத்தில் அண்ணன் இரண்டாவது அகப்பை கஞ்சிக்குத் தட்டை நீட்டியபோது முற்றத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. காற்றுக்கு அசைகிற மரச்சீனி இலைகளுக்குள் ஆள் வருவது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. கையைக் கழுவவும் விடாமல் கூட்டிப் போனார்கள். அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "ஒரு பட்டி நின்னிருந்தா குரைச்சிருக்குமே! எனக்க பிள்ளை ஓடியிருப்பானே!" பிறகு மைனியின் பக்கம் திரும்பி, "உனக்க ஆளுகளுக்கு இப்பம் சந்தோஷம்தானேடீ?" என்றாள்.

மைனி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. இப்போதாவது வாயைத் திற என்று கெஞ்சுகிற பார்வை. நான் கஞ்சித் தட்டில் மிதந்த வற்றல் மிளகாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே அவளுடைய அப்பா வந்து அவளைக் கூட்டிப் போனார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய். வழியனுப்ப முற்றம் வரைகூட யாரும் போகவில்லை.

அண்ணன் விடுதலையாகி வந்தார். நடந்ததை அம்மா சொன்னாள். அவர் சாப்பிடாமல் கிளம்பி நெய்யாற்றின்கரைக்குப் போனார். அங்கேயே ஒரு மரக்கடையில் வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, அங்கேயே மரித்தார். எல்லைக்கோடு போட்டபோது எங்கள் ஊரும் நெய்யாற்றின்கரையைப் போலவே மலையாளப் பக்கம் நின்றுவிட்டது. அண்ணன் வீட்டுக்குப் போக ஒரு பஸ்தான். அந்தப் பஸ்ஸில் அம்மா ஏறவே இல்லை. மூத்த மகன் இல்லாத வீட்டிலேயே கண்ணை மூடினாள், மைனியைத் திட்டிக்கொண்டே. நான் அப்போதும் சொல்லவில்லை.

முதல் கார் வாங்கியபோது மைனியைப் பார்க்கப் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன், மடியில் ஒரு பட்டுப்புடவையும் இருந்தது. கேட்டைத் திறந்ததும் உள்ளே ஒரு நாய் குரைத்தது. நரைத்த தலையோடு மைனி வாசலுக்கு வந்து, என்னைக் கண்டதும் உள்ளே திரும்பிப் பேரனிடம் சொன்னாள்: "மக்கா, பட்டியைப் பிடிச்சுக் கெட்டு. அந்தத் தாத்தாவுக்குப் பேடியாக்கும்."

"எனக்கா பேடி?" என்று நான் உரக்கச் சிரித்தேன். என்னோடு வந்த டிரைவரும் சிரித்தான். மைனியும் சிரித்துக்கொண்டாள். பிறகு எனக்கு மீன்கறியும் கிழங்கும் விளம்பினாள், நான் லாரிகளின் கதையை ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

போன வருஷம் மைனி போய்விட்டாள். அடக்கத்துக்குப் போனேன். முற்றம் நிறைய ஆட்கள், பந்தல், நாற்காலிகள். அவற்றுக்கு நடுவில் கட்டாமல் விட்டிருந்த ஒரு பெரிய நாய். அவள் இருந்த நாளில் நான் வருகிறேன் என்று தெரிந்தால் அது கட்டப்பட்டிருக்கும். "முதலாளி, உள்ளே வாங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். கேட்டுக்கு வெளியே நின்றபடி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அதைக் கெட்டுங்க. எனக்குப் பேடியாக்கும். சின்ன வயசிலேயே உண்டு."

ஒரு பையன் சிரித்துக்கொண்டே நாயை இழுத்துப் போனான். முதலாளி தமாஷ் பேசுகிறார் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாலு பேர். மூன்று பேர் எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டார்கள். நாலாமவள் பந்தலுக்குள், வெள்ளைத் துணியின் கீழே கிடந்தாள்.