மூன்று மூட்டைத் துணியும் நான்கு மாதமும்

என் மனைவி லூர்துமேரி ஈரத் துணியைக் கொடியில் போடுவதற்காக வலது கையைத் தூக்கியவள் பாதியிலேயே இறக்கிவிட்டாள். "கக்கத்துல நெறி கட்டியிருக்குதுங்க" என்றாள். கையில் புண்ணோ காயமோ ஆனால் அக்குளில் உருண்டையாக வீங்குமே, அதைத்தான் நெறி கட்டுவது என்போம். இரண்டு நாளுக்கு முன்பு அவளுடைய ஆள்காட்டி விரலில் ஊசி ஏறியிருந்தது. அதனால் நாங்கள் இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்பகப் புற்றுநோய் எங்கள் வீட்டுக்குள் இப்படித்தான் வந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இப்படி ஏதோ சொல்லி, நீங்களும் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தால், தயவுசெய்து மேலே படியுங்கள்.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நிணநீர் முடிச்சுகள் (கிருமியைத் தடுத்து நிறுத்த உடம்பில் ஆங்காங்கே இருக்கும் சிறு உருண்டைகள்) ஏன் வீங்குகின்றன என்று முப்பது வருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஊசி குத்தியது, கிருமி ஏறியது, முடிச்சு வீங்கியது. எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது.

மேரியின் ஊசி வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடத்தூரில் எங்கள் வீட்டுப் பின்னறை முழுவதும் துண்டுத்துணி கிடக்கும். தையல் கடைகளில் வெட்டி மிஞ்சியது, சாயம் போன சேலை, கிழிந்த பள்ளிச் சீருடை என்று எதையும் விடமாட்டாள். எங்கள் தேவாலயப் பங்கில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், அவளுடைய சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய், வீட்டுக்கு ஒரு துண்டு கேட்டு வாங்குவாள். அவற்றை ஒட்டித் தைத்துச் சின்னப் போர்வையாக்கிக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குக் கொடுப்பாள். கடையில் வாங்கிய புதுத்துணி அதில் ஒரு விரற்கடை கூட இருக்காது. பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டுக்கும் போய்த் துணி கேட்பாள். "மாமியா துண்டயும் மருமவ துண்டயும் பக்கத்துல பக்கத்துல வெக்க மாட்டேன், தையல் பிரிஞ்சிக்கும்" என்று சிரிப்பாள்.

எனக்கு அந்த அறை பிடிக்காது. தூசி, நூல், தரையில் விழுந்து கிடக்கும் ஊசி. பின்னால் நான் செய்த காரியத்தில் அந்தச் சலிப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

வீடு வீடாக வந்து இரத்த அழுத்தம் பார்க்கும் செவிலி செல்வி, அந்த வாரம் வந்தபோது மேரி அவளிடம் நெறியைக் காட்டினாள். செல்வி கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துவிட்டு, வாசலில் நின்றிருந்த என்னிடம் வந்தாள். அவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

"இது நெறி மாதிரி தெரியலைங்க சார். மார்லயும் ஒரு கட்டி இருக்குது. கெட்டியா இருக்குது, அழுத்தினா நகரல. இந்த வாரமே தருமபுரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று ஒரு சீட்டை எழுதிக் கையில் கொடுத்தாள். அம்மா பயந்துவிடுவார், அதனால் நானே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்றாள்.

செல்வி என்னிடம் படித்தவள். பிளஸ் டூவில் என் பாடத்தில் தட்டுத் தடுமாறித் தேறியவள். அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பயம் வரவில்லை. அவளுடைய விடைத்தாள்தான் நினைவுக்கு வந்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

உள்ளே போனேன். செல்வி என்ன சொன்னாள் என்று மேரி கேட்டாள். "ஊசி குத்துன நெறிதானாம். மார்ல இருக்கறது கொழுப்புக் கட்டியாம். தையல நிறுத்தினா வத்திடும்னா" என்றேன். என் சொந்த முடிவை அந்தப் பெண்ணின் வாயில் வைத்துச் சொன்னேன். சீட்டு என் சட்டைப்பையிலேயே கிடந்து, துவைத்ததில் கரைந்துபோனது.

மேரி தையலை நிறுத்தவில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அவள் தேவாலயத்தில் பூசைக்குப் போயிருந்த நேரம், பின்னறையில் இருந்ததையெல்லாம் மூன்று மூட்டையாகக் கட்டி, லாரிப் பட்டறைக்கு எண்ணெய் துடைக்க அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தவள் வெற்றுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் உன் கைக்காகத்தான்" என்றேன்.

"செல்வி புள்ளைக்குச் சேத்து வெச்ச கட்டும் அதுலதாங்க இருந்துச்சு" என்றாள். அதன்பிறகு ஊசியைத் தொடவில்லை.

நான்கு மாதம் போயிற்று. நெறி வற்றவில்லை. வற்றிக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னேன்; அவளும் நம்பினாள்.

பிரசவத்துக்காக மாரண்டஹள்ளித் தாய் வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்த செல்வியை எங்கள் ஊர்ச் சந்தையில் பார்த்தேன். தோளில் குழந்தை. "அம்மாவுக்கு ரிப்போர்ட் என்னங்க சார் வந்துச்சு?" என்று கேட்டாள். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று நான் பேச்சை மாற்றியதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, "நாளைக்கே போங்க சார்" என்றாள். மேரியிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று அவளைக் கேட்டுக்கொண்டேன். நான் செய்த இன்னொரு தவறு அது.

மறுநாள் தருமபுரிக்குப் போனோம். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் ஸ்டெல்லா நேராக மருத்துவமனைக்கு வந்துவிட்டாள். மேமோகிராம் (மார்பகத்தை அழுத்திப் பிடித்து எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். பிறகு பயாப்ஸி (கட்டியில் ஊசி செலுத்தித் துளி சதை எடுத்துச் சோதிப்பது). முடிவு வந்த அன்று அறுவை மருத்துவர் எங்களை உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். நடுத்தர வயதுப் பெண்மணி. புற்று அக்குள் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறது, ஆனால் அதைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை, முழுதாகச் சிகிச்சை செய்யலாம் என்றார்.

"எத்தன மாசமாம்மா இருக்குது?"

"நாலு மாசமுங்க டாக்டரம்மா. நர்சு வந்து பாத்தாங்க. நெறிதான், தையல நிறுத்தினாச் சரியாப் போயிடும்னாங்க" என்றாள் மேரி.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த நர்ஸ்?"

மேரி என்னைப் பார்த்தாள். "பேரு ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

பேருந்தில் திரும்பும்போது மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல காரியம் பண்ணுனீங்க. பச்சப்புள்ளக்காரி, வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா பாவம்" என்றாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வலது மார்பகத்தையும் அக்குள் முடிச்சுகளையும் அகற்றினார்கள். தைத்த இடத்திலிருந்து நீர் வடிய ஒரு குழாயும், அதன் முனையில் ஒரு புட்டியும் வைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. பத்து நாளுக்கு மேல் அதைச் சுமக்க வேண்டும். கையில் பிடித்தால் வேறு வேலை செய்ய முடியாது. சேலையில் செருகினால் இழுக்கும். வார்டில் எல்லாப் பெண்களும் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மேரி கேட்டாள்: "ஒரு துணிப்பை தச்சா தோள்ல மாட்டிக்கலாம். வூட்ல ஏதாவது துண்டு மிச்சம் இருக்குதுங்களா?"

ஒன்றும் இல்லை. ஒரு துண்டு கூட இல்லாமல் துடைத்து அனுப்பியிருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடை வாசலில் போய் நின்று, கீழே விழும் துணியைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். தையல்காரர், "காருக்குத் துடைக்கவா சார்?" என்றார். இல்லை, தைப்பதற்கு என்றேன்.

முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கையில் ஊசி குத்தக் கூடாது, அந்தக் கையில் இரத்த அழுத்தம் கூடப் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சின்னப் புண்கூட நிணநீர் வீக்கத்தில் (வடிய வழியில்லாமல் நீர் தேங்கிக் கை பருத்துப்போவதில்) கொண்டுபோய் விடலாம். ஆகவே நான்தான் தைக்க வேண்டியிருந்தது. அவள் படுத்தபடி சொல்லச் சொல்ல, நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தைத்தேன். "ஏங்க, அது தையலா, வேலி கட்டறீங்களா?" என்று பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் கேட்கும்படி கேட்டாள். பை கோணலாகத்தான் வந்தது. ஆனால் புட்டி அதில் நின்றது. அந்த வாரத்தில் வார்டிலிருந்த மற்றப் பெண்களுக்காக இன்னும் நான்கு பைகள் தைத்தேன்.

கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை இரத்தத்தில் ஏற்றுவது) ஆறு முறை கொடுத்தார்கள். முடி போனது, நாக்கில் ருசி போனது, நகம் கறுத்தது. கதிர்வீச்சு முடித்து வீடு திரும்பியபோது வருடம் ஒன்று ஓடியிருந்தது. நோய் ஓய்ந்தாலும் மேரி வாசலைத் தாண்டவில்லை. ஞாயிறு பூசைக்கும் வரமாட்டேன் என்றாள். ஒரு பக்கம் பாரம் போனதில் தோள் சாய்ந்து, முந்தானை நிற்காமல் சரிந்தது. ஸ்டெல்லா வாங்கி வந்த சிலிக்கோன் மார்பு வடிவம் வெயிலில் தழும்போடு ஒட்டிக்கொண்டு எரிந்தது.

"துண்டுத்துணியிலேயே ஒண்ணு தச்சிக்கலாம்" என்று மேரியே ஒருநாள் சொன்னாள். துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டியில் உறை. பழைய பனியனை நகக்கண் அளவுக்கு நறுக்கி உள்ளே அடைத்தோம். மிருதுவாகத்தான் இருந்தது, ஆனால் கனம் இல்லாததால் மேலே ஏறிக்கொண்டது. நடுவில் ஒரு பிடி சாமை வைத்துத் தைத்தோம். கனம் சரியாக வந்தது. மூன்று வாரத்தில் வண்டு வந்துவிட்டது. "நல்லவேளை, பூசைக்கு நடுவுல மொளைக்காம போச்சு" என்று அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. பிறகு சாமைக்குப் பதிலாகப் பழைய பொத்தான்களைச் சின்னப் பையில் கட்டி உள்ளே வைத்தோம். துவைக்கவும் முடிந்தது.

அந்தப் பொத்தான் பையைத் தைத்துக்கொண்டிருந்த மதியத்தில்தான் மேரி சொன்னாள்: "செல்விய ஒருநாள் வரச்சொல்லுங்க. அவ சரியாப் பாக்காம விட்டுட்டான்னு எனக்குள்ள ஒரு கோவம் கெடந்துச்சு. அத மனசுல வெச்சிட்டு எப்படிப் பூசைக்குப் போயி நன்மை வாங்கறது?" (பூசையில் சாமியார் கையால் வாங்கும் அப்பத்தை நன்மை என்போம்.)

ஊசியைக் கீழே வைத்தேன். செல்வி சொன்னதையும், நான் மாற்றிச் சொன்னதையும், சீட்டையும், சந்தையில் நடந்ததையும் சொன்னேன். விடைத்தாளைக்கூட விடவில்லை.

அவள் பொத்தான் பையின் வாயை இறுக்கிக் கட்டி ஓரமாக வைத்தாள். பிறகு, "டாக்டரம்மா கேட்டப்ப பேரு ஞாபகம் இல்லைன்னீங்களே, அது யாருக்காக?" என்றாள்.

"எனக்காக."

எழுந்து உள்ளே போனாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டாள், மாத்திரையை வாங்கிக்கொண்டாள். ஸ்டெல்லாவிடம் தொலைபேசியில் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். மகள் என்னிடம் பேசாதது அதைவிட நீண்டது.

நான்காம் நாள் காலையில் செல்வியைத் தானே வரவழைத்தாள். என்னை முன்னறையில் உட்காரவைத்து, செல்வியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். செல்வி பதறிப்போய், "விடுங்க சார், நான் அம்மாகிட்டயே நேராச் சொல்லியிருக்கணும். வாத்தியாராச்சேன்னு உங்ககிட்ட சொன்னேன்" என்றாள். மேரி அவளை இடைமறித்தாள். "நீ சரியாத்தான் சொன்ன. உம்மேல எதையும் ஏத்திக்காத."

அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடமும் நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குறிப்பேட்டில் எதையோ திருத்தினார். அந்த நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் முடிச்சுகளுக்குப் போயிருக்காதா என்று கேட்டேன்.

"போகாம இருந்திருக்கலாம். அப்பவே போயிருக்கவும் கூடும். அத இப்ப யாராலயும் சொல்ல முடியாதுங்க ஐயா" என்றார்.

நான் தண்டனையையோ விடுதலையையோ எதிர்பார்த்துப் போயிருந்தேன். இரண்டும் கிடைக்கவில்லை. வெளியே வந்ததும் மேரி சொன்னாள்: "எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மன்னிச்சிட்டேன்னு இப்பச் சொன்னா அது பொய். ஆனா இனிமே எனக்கு என்னன்னு எங்கிட்டத்தான் சொல்லணும், இருக்கறத இருக்கறபடி. இத எழுதியும் வையுங்க. உங்கள மாதிரி படிச்சவங்க எத்தனையோ வூட்ல இருப்பாங்க."

அதனால்தான் எழுதுகிறேன். பெண்ணின் உடம்பைப் பற்றி உங்களிடம் சொல்லப்படுவது உங்களுக்கானது அல்ல. அப்படியே அவளிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். ஊசி குத்தியதால் நெறி கட்டியதாகவே இருந்தாலும், இரண்டு மூன்று வாரத்தில் போகவில்லை என்றால் காட்டிவிடுங்கள்.

இப்போது எங்களுக்கு வருடம் என்று ஒன்று இல்லை. ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரைக்குமான மூன்று மாதம்தான் உண்டு. அதற்கு அப்பால் எதையும் பேசுவதில்லை. தினமும் காலையில் அவளுடைய வலது கையை விரல் நுனியிலிருந்து தோள் வரை நீவிவிடுகிறேன். நேற்றைவிட மணிக்கட்டு அரை நூல் தடித்திருந்தால் என் விரல்களுக்குத் தெரிகிறது. என் உடம்பில் அவ்வளவு கூர்மையான இடம் ஒன்று இருப்பது எழுபது வயதுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததை அவளிடம் சொல்லிவிடுகிறேன். சில காலைகளில் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிறு பூசைக்குப் புறப்பட்டாள். கண்ணாடி முன் முந்தானையைச் சரிசெய்துவிட்டு என் பக்கம் திரும்பி நின்றாள்.

"சரியா இருக்குதுங்களா?"

நன்றாகப் பார்த்தேன். "வலது பக்கம் கொஞ்சம் மேல ஏறியிருக்குது" என்றேன்.

அவள் அதை ஒரு விரல் அளவு கீழே இறக்கிவிட்டு மறுபடியும் என் முன்னால் நின்றாள்.