பனியும் நீர்க்காகமும்

முனியனுக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான். இருபது வயதில், ஆந்திரா பக்கத்து மலைக்காட்டை அளந்து மேப் வரைய வந்த சர்வே கூட்டத்தோடு அளவுக்கட்டை தூக்கிக்கொண்டு மூன்று வருஷம் அலைந்தவன். அதன்பிறகு முப்பது வருஷமாக, ஆரம்பாக்கத்தை ஒட்டிய ஏரியில் கையால் இறால் தடவித்தான் பிழைப்பு. ஆனாலும், "நாட்டோட மேப்புல என் கை பட்டுக்கீது" என்று அவன் சொல்லிச் சொல்லியே ஊரார் காது புளித்துப்போனது.

போன மாதம் ஏரியையும் அளக்க வந்தார்கள். ஆள் புழங்காத இடமாகப் பார்த்து வேலி போட்டு, பெரிய படகுத்துறை கட்டப்போகிறார்களாம். ஊர் பயந்தது. "அளக்கிறவன் பொய் சொல்ல மாட்டான்" என்று அடித்துச் சொன்னவன் முனியன்தான்.

அளந்து வரைந்த படத்தை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினார்கள். கோரைத் திட்டுக்குத் தெற்கே, இருபது குடும்பங்கள் தண்ணீருக்குள் மண்டிபோட்டு, தலை மட்டும் வெளியே தெரிய இறால் தடவும் இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. உள்ளே, 'உபயோகத்தில் இல்லை' என்று எழுதியிருந்தது.

படத்தை ஒட்டிய சர்வேயர் பிரவீன் அங்கேயே நின்றிருந்தான். முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"இன்னா சார் இது? டெய்லி அங்கதான கீறோம்?" என்றான் முனியன்.

"படகுல வந்து பார்த்தேனே ஐயா. தண்ணிமேல கறுப்பு கறுப்பா தெரிஞ்சுது. நீர்க்காகம்னு நினைச்சேன்."

"கிட்ட வந்து பாத்தீங்களா?"

பிரவீன் தலை குனிந்தான். "ஒரே சேறு. இறங்கித்தான் நடக்கணும். நேரமாயிடுச்சுனு திரும்பிட்டோம். இப்ப மேல அனுப்பியாச்சு ஐயா, மாத்த முடியாது."

கெட்ட வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. திட்டுகிற யோக்கியதை முனியனுக்கு ஏது? அன்று அந்த ஆந்திரா மலையில், கிடுகிடு பள்ளத்தின் விளிம்பில் நின்று அதிகாரி சொன்னார்: "கீழே குடியிருப்பு இருக்கா, போய்ப் பார்த்துட்டு வா." கீழே புகை எழுந்துகொண்டிருந்தது. இறங்கி ஏற ஒரு பகல் ஆகும். கால் வேறு வீங்கியிருந்தது. பாதி வழியில் பாறை நிழலில் படுத்துத் தூங்கிவிட்டு வந்து, "யாரும் இல்ல சார், வெறும் பனி" என்றான். அதிகாரி அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்.

வீட்டில் அவன் மனைவி இந்திராணி இறால் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்க?"

முனியன் நீர்க்காகக் கதையைச் சொன்னான். பிறகு, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, அந்தப் புகையையும் சொன்னான். சொல்லும்போது அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அவள் திட்டவில்லை. "அந்தப் பள்ளத்துல எத்தினி வூடு இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாது. நான்தான் எறங்கவே இல்லியே."